பழைய கணினியை எடைக்குப் போடும் முன் இலைக் கணக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிக் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் வட்டாரத்தில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களும் சங்கங்களும் புதுக் கணினி வாங்குகின்றன. வாங்கட்டும். பழைய பெட்டியைக் கழிவுக்காரரிடம் தள்ளிவிடும் முன் அதற்குள் இருக்கும் பச்சை இலைக் கணக்கு புதுப் பெட்டியில் திறக்கிறதா, திறந்தால் தொகை சரியாக வருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. இருபது, இருபத்தைந்து வருட எடை விவரம், உறுப்பினர் பங்குத்தொகை, வாரிசு மாற்றம், வைப்புநிதிப் பிடித்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலுவை கேட்டு ஒரு விவசாயி வரும்போதுதான் அது இல்லாதது தெரியும். ஆகவே இந்த நீண்ட கடிதம்.

நம் பக்கத்து அலுவலகங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய டிபிஎஃப் கோப்புகள். மற்றொன்று, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸின் 97 அல்லது 2000 பதிப்பில் செய்த எம்டிபி கோப்புகள். டாஸ் ஃபாக்ஸ்புரோ நிரல் 32-பிட் விண்டோஸ் 10 வரை எப்படியோ ஓடியது. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. அதில் 16-பிட் நிரல் எதுவும் ஓடாது. ஆக்சஸ் 97 கோப்பின் கதை வேறு. ஆக்சஸ் 2010 வரை அதைத் திறந்து மாற்ற முடியும். 2013 முதல் வந்த எந்தப் பதிப்பும், இன்றைய மைக்ரோசாஃப்ட் 365 உட்பட, முந்தைய பதிப்பில் உருவானது என்று சொல்லித் திறக்கவே மறுத்துவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று அப்போது பலர் முடிவுகட்டுகிறார்கள். கெடவில்லை, இடையில் ஒரு படி வேண்டும், அவ்வளவுதான்.

97, 2000, 2003 மூன்றுக்கும் கோப்புப் பெயரின் கடைசியில் எம்டிபி என்ற ஒரே வால் இருப்பதால் பெயரை வைத்துப் பதிப்பைச் சொல்ல முடியாது. கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் நிரல் ஒன்றில் திறந்து 21-ஆவது பைட்டைப் பாருங்கள். அங்கே 00 இருந்தால் ஜெட் 3 (ஜெட் என்பது ஆக்சஸின் தரவு இயந்திரம்), அதாவது ஆக்சஸ் 95 அல்லது 97. 01 என்றால் ஜெட் 4, அதாவது 2000 முதல் 2003 வரை. ஜெட் 4 கோப்பைப் புது ஆக்சஸ் நேராகத் திறக்கும். ஜெட் 3 என்றால் ஆக்சஸ் 2003, 2007, 2010 இவற்றில் ஒன்று உள்ள கணினி வேண்டும். 2010-க்கும் 2020 அக்டோபரிலேயே ஆதரவு நின்றுவிட்டது. எனவே அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சஸ் எதுவுமே கிடைக்கவில்லை என்றால் லினக்ஸில் எம்டிபி டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பு உண்டு. ஜெட் 3, ஜெட் 4 இரண்டின் அட்டவணைகளையும் அது எடுத்துத் தரும். படிவம், அறிக்கை, நிரல் வரிகள் மட்டும் வராது.

மாற்றத் தொடங்கும் முன் செய்யவேண்டியது நகல். மூலக் கோப்பில் கைவைக்கவே கூடாது. பழைய வட்டு ஐடிஇ வகை என்றால் யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி முழுக் கோப்புறையையும் எடுங்கள். எம்டிபி மட்டும் போதாது. பயனர், கடவுச்சொல் விவரம் இருக்கும் எம்டிடபிள்யூ கோப்பு, இணைக்கப்பட்ட வேறு எம்டிபிகள், சின்னங்கள் எல்லாம் வரவேண்டும். சிடியிலிருந்து நகலெடுத்த கோப்பு 'வாசிக்க மட்டும்' என்ற குறியோடு வரலாம். அதை நீக்காமல் மாற்ற முயன்றால் பிழை காட்டும். நம் ஊர் மழைக்காலத்தை நினைத்து ஒன்று சொல்கிறேன்: மாற்றம் நடக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு வீண். யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு, பழைய பதிப்பிலேயே, கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஒருமுறை. நிரல் பகுதியில் டீபக் மெனுவுக்குள் போய் கம்பைல் (நிரல் வரிகளைச் சரிபார்த்து இயங்கும் வடிவாக்குவது) கொடுத்து, பிழையின்றி முடிகிறதா என்றும் பாருங்கள். பழைய பதிப்பிலேயே கம்பைல் ஆகாத நிரல் புதிதில் ஆகப்போவதில்லை. எம்டிஇ என்ற வால் உள்ள கோப்பு மட்டும் இருந்தால் அதை மாற்றவே முடியாது. அதில் மூல நிரல் இல்லை. எழுதிக்கொடுத்தவரிடம் எம்டிபி கேட்டு வாங்குங்கள். அவர் இல்லையென்றால் அட்டவணைகளை மட்டும் புதுக் கோப்புக்கு இறக்குமதி செய்து, படிவங்களைப் புதிதாகத்தான் செய்யவேண்டும்.

பயனர்வாரிப் பாதுகாப்பு போட்ட கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எழுத்தருக்கு ஓர் உரிமை, செயலருக்கு ஓர் உரிமை என்று பிரித்த அந்த ஏற்பாடு ஆக்சஸின் புதுக் கோப்பு வடிவமான ஏசிசிடிபியில் கிடையாது. நிர்வாகிக் குழுவில் உள்ள பெயரில் நுழைந்து, எல்லாப் பொருள்களுக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு மாற்றவேண்டும். எம்டிடபிள்யூ கோப்பும் அதன் கடவுச்சொல்லும் தொலைந்த அலுவலகம் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மாற்றும் வேலை என்னவோ சில சொடுக்குகள்தான். ஆக்சஸ் 2010-இல் கோப்பைத் திறக்கும்போது மேம்படுத்தலாமா என்று கேட்கும். வேண்டாம் என்று திறந்துகொண்டு, ஃபைல் மெனுவில் சேவ் அண்ட் பப்ளிஷ், அதில் சேவ் டேட்டாபேஸ் ஆஸ், அதில் ஆக்சஸ் டேட்டாபேஸ் என்று போய் வேறு பெயரில் சேமியுங்கள். முடிந்ததும் 'கன்வர்ஷன் எர்ரர்ஸ்' என்று ஓர் அட்டவணை உருவாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிழைகள் அதில் வரிசையாக இருக்கும். கோப்பின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். அதற்குப் பயப்படவேண்டாம். ஜெட் 3-இன் பக்கம் 2 கிலோபைட், ஜெட் 4-இல் 4. எழுத்தும் ஒரு பைட்டிலிருந்து இரண்டு பைட்டாகிறது. இணைக்கப்பட்ட அட்டவணைகள் தாமாக மாறாது. அவை இருக்கும் கோப்பைத் தனியாக மாற்றி, லிங்க்ட் டேபிள் மேனேஜரில் புது இடத்தைக் காட்டவேண்டும்.

அடுத்து நிரல். டூல்ஸ், ரெஃபரன்சஸ் என்று போனால் ஏதாவது ஒரு வரி 'மிஸ்ஸிங்' என்று நிற்கும். அந்த ஒன்றால் இன்றைய தேதியைத் தரும் சாதாரணக் கட்டளைகூட வேலை செய்யாது. நிரலே கெட்டதுபோல் தோன்றும். குறியை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். தேதி தேர்வதற்கு வைத்த காலண்டர் கட்டுப்பாடு 2010 முதல் ஆக்சஸோடு வருவதில்லை. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் ஆக்சஸின் சொந்தத் தேதிப் பெட்டியே போதும். தரவை எடுக்கும் நிரல் நூலகங்கள் டிஏஓ, ஏடிஓ என்று இரண்டு உண்டு. ஏடிஓவும் சேர்ந்து பட்டியலில் டிஏஓவுக்கு மேலே இருந்தால், வெறும் 'ரெக்கார்ட்செட்' என்று எழுதிய இடமெல்லாம் வகை பொருந்தவில்லை என்று நிற்கும். 'டிஏஓ.ரெக்கார்ட்செட்' என்று திருத்தினால் சரியாகும். ஆஃபீஸ் 2019 முதல் நிறுவல் தானாகவே 64-பிட்டைத்தான் போடுகிறது. விண்டோஸை நேராக அழைக்கும் டிக்ளேர் வரிகளில் 'பிடிஆர்சேஃப்' சேர்க்காவிட்டால் அதில் கம்பைல் ஆகாது. பழைய நிரலை அப்படியே ஓட்ட விரும்பும் சிறு அலுவலகத்துக்கு என் யோசனை: நிறுவும்போதே 32-பிட்டைத் தேர்ந்தெடுங்கள். இலைக் கணக்குக்கு 64-பிட்டால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

இனித் தமிழ் எழுத்து. மாற்றித் தருகிறேன் என்று வருபவர்கள் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

ஆக்சஸ் 97-இல் யுனிகோடு இல்லை. அன்றைக்குத் தமிழில் பெயர் தட்டியவர்கள் டாம், டாப், திஸ்கி, பாமினி, வானவில் என்று ஏதோ ஒரு குறியேற்றத்துக்கான (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை) எழுத்துருவில் தட்டினார்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும்தான். எழுத்துரு மேலே போர்த்தியதால் தமிழாகத் தெரிந்தது. ஏசிசிடிபிக்கு மாற்றும்போது அந்தக் குறிகள் அப்படியே புதுக் கோப்புக்குப் போகும், தமிழாக மாறாது. அதே எழுத்துருவைப் புதுக் கணினியில் நிறுவினால் முன்போலவே தெரியும். ஆனால் தமிழ்நாடு அரசு 2010-இலேயே யுனிகோடை ஏற்றுவிட்டது. இன்று துறைகளுக்கு விவரம் அனுப்பவும் யுனிகோடுதான் ஏற்றது.

கோப்பு மாற்றமும் எழுத்து மாற்றமும் இரண்டு தனி வேலைகள். ஒன்றை முடித்து, தொகை சரிபார்த்து, நகல் எடுத்துவைத்த பிறகே மற்றதைத் தொடவேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் பிழை எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. முதல் மாற்றத்தின்போது விண்டோஸில் யுனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி ஆங்கிலமாக இருக்கட்டும். அங்கேயே உள்ள 'உலகளாவிய மொழிகளுக்கு யுடிஎஃப்-8' என்ற பீட்டா குறி எடுக்கப்பட்டிருக்கட்டும். அது போட்டிருந்தால் குறிகள் கேள்விக்குறிகளாகிவிடலாம், ஆனபின் திரும்பி வராது.

எந்த எழுத்துரு என்று தெரியவில்லையா? படிவத்தை வடிவமைப்புப் பார்வையில் திறந்து பெயர்ப் பெட்டியின் ஃபாண்ட் நேம் என்ன என்று பாருங்கள். அதற்கேற்ற மாற்றியைத் தேர்ந்தெடுக்கலாம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை மேலே சொன்ன குறியேற்றங்களை அறியும். அட்டவணையிலிருந்து உறுப்பினர் எண், பெயர், தகப்பன் பெயர், ஹட்டி (படகர் ஊர்) ஆகிய நான்கு பத்திகளை மட்டும் உரைக் கோப்பாக வெளியே எடுங்கள். தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றி, உறுப்பினர் எண்ணை வைத்துப் புதுப் பத்திகளில் ஏற்றுங்கள். பழைய பத்தியை அழிக்கவேண்டாம். ஒரு வருடமாவது பக்கத்தில் இருக்கட்டும்.

புதுப் பத்தியின் அகலம் முக்கியம். பழைய குறியேற்றங்கள் சிலவற்றில் 'கி', 'மூ' போன்றவை ஒற்றைக் குறி, யுனிகோடில் இரண்டு. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயர் அவற்றில் எட்டு, பத்து இடத்தில் அடங்கியது. இப்போது 15 இடம் கேட்கும். பத்தியை 20 என்று வைத்திருந்தால் நீளமான பெயர்களின் வால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். ஆக்சஸில் 255 வரை கொடுக்கலாம். நூறு கொடுங்கள், தாராளமாகப் போதும்.

மாற்றி முடித்ததும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பாதீர்கள். பழைய தட்டச்சில் 'ர்', 'ரி' என்பதற்குத் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளியோ கொக்கியோ வைக்கும் பழக்கம் உண்டு. அது மாறியபின் 'மாரியம்மாள்' போலவே தெரியும் 'மாாியம்மாள்' ஆகிவிடும். படிக்கலாம், தேடினால் கிடைக்காது. இதேபோல் 'கௌரி' என்பது 'கெளரி' என்றும், 'சௌந்தர்' என்பது 'செளந்தர்' என்றும் வரும். தலைகீழாகவும் நடக்கும். பாமினியில் புள்ளி தனிக் குறி. 'ள'வும் ஔகாரத்தின் பின்பாதியும் ஒரே குறி. அதனால் நம் ஹட்டிகளில் வழங்கும் பெள்ளி, பெள்ளன் போன்ற பெயர்கள் கவனமில்லாத மாற்றியில் 'பௌ்ளி' என்று உடைந்து வரும். சென்னையில் உட்கார்ந்து மாற்றித் தருபவருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. அவர் கண்ணில் படாது. மாற்றிய பத்தியில் துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளியோ இகரக் கொக்கியோ வரும் இடங்களை ஒரு வினவலில் தேடுங்கள். 'ெள' என்ற சேர்க்கையை மற்றொன்றில், 'ௌ்' என்பதை வேறொன்றில். வரும் பட்டியலை ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரே ஹட்டியில் ராமனும் மாதனும் போஜனும் நாலைந்து பேர் இருக்கும் இடத்தில் பெயரை வைத்துக் கணக்கை இணைப்பது ஆபத்து. எண்ணை வைத்து மட்டுமே இணைக்கவேண்டும்.

ஃபாக்ஸ்புரோ கோப்புகளுக்கு வருகிறேன். டிபிஎஃப் கோப்பின் முதல் பைட் 03 என்றால் மெமோ (நீண்ட குறிப்புப் பத்தி) இல்லாத பழைய வடிவம். எஃப்5 என்றால் ஃபாக்ஸ்புரோ 2 வரிசை, மெமோவோடு. 30 என்றால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. மெமோ இருந்தால் அதே பெயரில் எஃப்பிடி கோப்பும் கூடவே வரவேண்டும். 03 வகையை லிபர் ஆஃபீஸ் கால்க்கே திறந்துவிடும். 30 வகைக்கு 32-பிட் விஷுவல் ஃபாக்ஸ்புரோ ஓடிபிசி இயக்கி உதவும். பழைய டாஸ் நிரலையே ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றால், புதுக் கணினிக்குள் டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸில் ஓடும்.

டிபிஎஃப்பில் இரண்டு கண்ணிகள். அழித்த பதிவு உண்மையில் அழிவதில்லை. முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும், பேக் கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். மாற்றும் நிரல் அந்தக் குறியை மதிக்காவிட்டால், பத்து வருடத்துக்கு முன் ரத்தான பில்கள் உயிர்பெற்று எடையில் சேரும். மொத்த எடை கூடியிருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். இரண்டாவது, ஆண்டு. தேதி உள்ளே நான்கு இலக்க ஆண்டோடுதான் பதிவாகிறது. ஆனால் இரண்டு இலக்கம் மட்டும் தட்டும் அமைப்பில் 2000-க்குப் பிறகு இட்ட பதிவுகள் 1900-களில் போய் உட்கார்ந்திருக்கலாம். தேதியில் மிகச் சிறியது எது என்று பாருங்கள். 1902-இல் இலை போட்ட உறுப்பினர் யாராவது வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

எக்செலில் கொட்டித் தந்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. 0045 என்ற உறுப்பினர் எண் எக்செலில் 45 ஆகிவிடும். உரையாக வந்த 05/06 என்ற தேதி, கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மே 6 ஆகும். 13/06 மட்டும் தப்பிக்கும். பாதி சரி, பாதி தப்பு என்று கலந்தபின் பிரிப்பது பெரும்பாடு. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடமே இல்லை. தினசரி எடைப் பதிவு சில வருடங்களிலேயே அதைத் தாண்டிவிடும்.

சரிபார்ப்பு இல்லாமல் எந்த மாற்றத்தையும் ஏற்காதீர்கள். பழைய கோப்பில் ஒவ்வொரு அட்டவணைக்கும் பதிவு எண்ணிக்கை, மாதவாரியாகக் கிலோ கூட்டல், ரூபாய் கூட்டல், மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி ஆகியவற்றை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிதிலும் அதையே எடுங்கள். கிலோவில் காசளவு வித்தியாசம் வந்தால் பத்தியின் வகையைப் பாருங்கள். 'சிங்கிள்' என்று வைத்த பத்தி பத்தில் ஒரு பங்கைத் துல்லியமாகத் தாங்காது. ஆயிரக்கணக்கான பதிவு கூடும்போது பின்னம் நழுவும். ரூபாய்க்குக் 'கரன்சி' வகை வையுங்கள், எடைக்கும் அதையே வைக்கலாம். நான்கு தசமம் வரை அது பிசகாது. அச்சிட்ட பழைய லெட்ஜரிலிருந்து ஹட்டிக்கு இரண்டு பேர் என்று எடுத்து, இலையின் ஈரத்துக்காகக் கழித்தது போக நிகர எடை, முன்பணப் பிடித்தம், கையில் கொடுத்த தொகை மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

புதுக் கணினியில் கோப்புறையை ஆக்சஸின் டிரஸ்ட் சென்டரில் நம்பகமான இடமாகச் சேர்க்காவிட்டால் நிரல் ஓடாது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மின்னஞ்சலில் வந்த கோப்பென்றால் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கொடுக்கவேண்டும். டாட் மேட்ரிக்ஸ் அச்சுக்காக வடிவமைத்த பில் புது அச்சுப்பொறியில் ஓரம் தாண்டி ஓடும். பேஜ் செட்டப்பில் தாளின் அளவை மறுபடி கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏசிசிடிபியை இணைய ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். வைஃபை வழியாக இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதவும் வேண்டாம். இரண்டுமே கோப்பை உடைக்கும். கம்பி இழுங்கள்.

பழைய கணினியை அடுத்த தணிக்கை முடியும்வரை ஓரமாக வைத்திருங்கள். நகல்களில் ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வேறு கட்டடத்தில். நம் ஈரத்தில் ஃப்ளாப்பியிலும் சிடியிலும் பூஞ்சை பூக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, பொட்டலத்தை மழைக்கு முன் மாற்றுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜூனுக்கு முன்; குன்னூர், கோத்தகிரி பக்கம் என்றால் அக்டோபருக்கு முன்னும் ஒருமுறை.

இப்படிக்கு,
கணக்கு மென்பொருள் பராமரிப்பவர்,
கோத்தகிரி